பழைய படம், புதுக் கேள்வி: ஆறு குவளை, ஐந்து ஆள்

காரைக்குடியில் நாற்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, 'இந்தப் படத்தில் இருப்பவர் யார்?' என்றுதான் கேட்கும். எனக்கு எப்படித் தெரியும்! எந்தக் காலத்தில், எந்தக் கேமராவில், எப்படி எடுத்தது என்று வேண்டுமானால் சொல்லுவேன். கேட்பவர் பெயரைப் போடுவதில்லை, ஊர் மட்டும்தான். ஒருமுறை பெயரைப் போட்டதற்கு, 'எங்கள் வீட்டு ஆல்பம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது?' என்று பங்காளிகள் என் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

போன இதழில் தேவகோட்டை ஆச்சி ஒருவர் கொடுத்த படத்தை வெளியிட்டிருந்தோம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம். புதர் மண்டிய மேடு, பின்னால் ஒரு கூடாரம், கொடியில் காயும் துணி. ஐந்து ஆஸ்திரேலியச் சிப்பாய்கள், கோட்டு இல்லாமல், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வாயில் தெர்மாமீட்டர், பீடியைக் கடித்த மாதிரி. எதிரே கவிழ்த்த மரப்பெட்டி, அதன்மேல் ஆறு மங்குக் (எனாமல்) குவளைகள். கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து, ஆங்கிலத்தில்: 'குவாரண்டைன், நார்த் ஹெட், பிப்ரவரி 1919.' முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களை, அப்போது பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்குப் பயந்து வீட்டுக்கு விடாமல் நிறுத்தி வைத்த இடம் அது.

இதற்கு வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். இந்த இதழ் முழுக்க அதற்கே.

தேவகோட்டை: படத்தைக் கொடுத்தது நான்தான். சிட்னியில் படிக்கும் என் பேத்தி அங்கே சனிக்கிழமைச் சந்தையில் ஐந்து டாலருக்கு வாங்கினாள். எல்லோரும் சிரிக்கிறார்களே, நோய்க்காக அடைத்து வைத்த இடத்தில் யாராவது சிரிப்பார்களா? நாடகத்துக்கு வேஷம் போட்டு எடுத்த படமாக இருக்குமோ?

அசல்தான் ஆச்சி. நீங்கள் மருமகனிடம் கொடுத்துவிட்டதை லூப் என்கிற பூதக்கண்ணாடி வைத்து அரை நாள் பார்த்தேன். இருட்டுப் பகுதிகளின் ஓரத்தில் நீலம் பாய்ந்த ஒரு வெள்ளிப் பளபளப்பு இருக்கிறது, படத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். தாளில் உள்ள வெள்ளி வருடக்கணக்கில் மேலே ஏறி வந்தால்தான் அப்படி ஆகும். இப்போது யாராவது பிரிண்ட் போட்டு டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கினால் மஞ்சள் வரும், இந்தப் பளபளப்பு வராது.

அடுத்தது அளவு. நாலு சென்டிமீட்டருக்கு ஆறரை. கோடக் கம்பெனியின் 'வெஸ்ட் பாக்கெட்' கேமராவின் அளவு அது. 1912-ல் வந்தது, மடக்கினால் சட்டைப்பையில் அடங்கும். போர்க்காலத்தில் 'சிப்பாயின் கோடக்' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அப்படியே பிரிண்ட் எடுப்பார்கள், பெரிதாக்குவது கிடையாது. அதனால்தான் அவ்வளவு பொடிசு.

அந்த வெள்ளை எழுத்து பிரிண்டின்மேல் பேனாவால் எழுதியது இல்லை. கேமராவின் முதுகில் ஒரு சின்னக் கதவு உண்டு. படம் எடுத்ததும் அதைத் திறந்து, உள்ளே தெரியும் காகிதத்தில் ஊசி மாதிரி ஒரு கம்பியால் எழுத வேண்டும். பின்காகிதத்துக்கும் பிலிமுக்கும் நடுவே கார்பன் தாள் போல ஒன்று இருக்கும். அழுத்தி எழுதிய இடத்தில் அது விலகி வெளிச்சத்தை விடும். கதவைத் திறந்தபடி சில விநாடி வானத்துக்குக் காட்டினால் எழுத்து பிலிமிலேயே பதிந்துவிடும். இதைக் கண்டுபிடித்த கெய்ஸ்மன் என்பவரிடம் உரிமையை வாங்கக் கோடக் முதலாளி ஈஸ்ட்மன் கொடுத்தது 3 லட்சம் டாலர். இந்த எழுதும் வசதி 1914-ல் வந்தது, 1930-களில் நின்றுபோனது. ஆக, அந்தத் தேதியை எழுதியது படம் எடுத்தவரேதான், அந்த இடத்திலேயே. நாடகத்துக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இனி சிரிப்பு. முதலில் ஒன்று, அதில் பாதிதான் சிரிப்பு, மீதி வெயில். சூரியன் அவர்கள் முகத்துக்கு நேரே. பிப்ரவரி அங்கே கோடை. கண்ணைச் சுருக்கினால் உதடு தானாக விரியும், வெளியில் வைத்துக் குரூப் போட்டோ எடுத்தவர்களுக்கு இது தெரியும்.

மீதிப் பாதி நிஜம். காய்ச்சல்காரர்கள் தனியே ஆஸ்பத்திரிப் பகுதியில் இருந்தார்கள். (போன இதழில் 'மருத்துவமனையில் சிப்பாய்கள்' என்று தலைப்புப் போட்டது என் தவறு.) இவர்கள் நோய் வந்த கப்பலில் கூட வந்ததற்காக நிறுத்தப்பட்டவர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலையும் இல்லை. சுடுவதற்கு யாரும் இல்லாத இடத்தில் வெயில் காய்கிறார்கள். அப்புறம், எதிரே நிற்பது அவர்களுடைய கூட்டாளி. கூலி கொடுத்துக் கூப்பிட்ட போட்டோக்காரர் என்றால் மனுஷன் விறைப்பாகிவிடுவான். நம் பக்கத்து வீடுகளில் முகப்பு முழுக்க மாட்டியிருக்கிறதே படங்கள், அறுபதாம் கல்யாணம், ரங்கூன் கிட்டங்கி வாசலில் கணக்கப்பிள்ளைகளோடு எடுத்தது, எதிலாவது ஒரு பல் தெரிகிறதா? அதில் எங்கள் அப்பா எடுத்தவையும் இருக்கும். சிரிக்க வைக்க அவருக்குத் தைரியம் இருந்திருக்காது.

காரைக்குடி (கல்லூரி மாணவர்): உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டு ஜெயித்து வந்தவர்களை ஊர் எல்லையில் நிறுத்தி வைத்தது அநியாயம் இல்லையா ஐயா?

அநியாயம்தான் தம்பி. ஆனால் செய்தது சரி.

1918 நவம்பர் 11 அன்று சண்டை நின்றது. அப்போது ஆஸ்திரேலியாவுக்குத் திரும்ப வேண்டிய படை ஒன்றரை லட்சத்துக்கு மேல். உலகம் முழுக்க இன்ஃபுளுயன்சா கொன்று குவித்துக்கொண்டிருந்த நேரம். சுற்றிலும் கடல் என்பதால் அவர்களுக்கு ஒரு வசதி: நோய் கப்பலில்தான் வர வேண்டும். அக்டோபர் 17-ம் தேதியே கப்பல்களை நிறுத்திச் சோதிக்க உத்தரவு போட்டுவிட்டார்கள். மறுநாளே முதல் நோய்க்கப்பல் டார்வின் துறைமுகத்துக்கு வந்தது. மட்டாரம் என்று பெயர். வந்தது எங்கிருந்து? நம் நகரத்தார் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டிக்கடைப் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்த சிங்கப்பூரிலிருந்து. அடுத்த ஆறு மாதத்தில் 323 கப்பல்களை மறித்தார்கள், 174-ல் நோய் இருந்தது. பார்த்த 81,510 பேரில் நோயாளிகள் 1,102.

அந்தக் கணக்கைப் படிக்கும்போது நீங்கள் சொல்வது புரிகிறது. ஆயிரத்துச் சொச்சம் பேருக்காக எண்பதாயிரம் பேரைச் சோதித்து வடிகட்டியிருக்கிறார்கள். ஆனால் பூனா என்று ஒரு கப்பலின் கதையைக் கேளுங்கள். (நம்ம பூனா இல்லை, கப்பல் பேர்.) மேற்கே ஃபிரிமேண்டல் துறைமுகத்திலிருந்து படையோடு புறப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்ப வேண்டியதுதான். சரக்கேற்றும்போது கரையிலிருந்து காய்ச்சல் ஏறிக்கொண்டது. டிசம்பரில் ஃபிரிமேண்டலுக்குத் திரும்பி வந்து சேர்வதற்குள் முந்நூறு பேர் வரை படுத்துவிட்டார்கள். நோயாளிகளை மட்டும் உட்மன் பாயின்ட் குவாரண்டைன் நிலையத்தில் இறக்கினார்கள். மற்றவர்களை நெரிசலான கப்பலிலேயே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிறுத்தினார்கள். நாளுக்கு நாள் அவர்களிலும் ஆள் விழுந்தது. ஊர் கொதித்துப்போனது. முன்னாள் சிப்பாய்கள் கப்பலுக்குள் புகுந்து ஆட்களை மீட்போம் என்றுகூட மிரட்டினார்கள். உட்மன் பாயின்டில் இருபதுக்கு மேற்பட்ட சிப்பாய்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தாமாக முன்வந்த நர்சுகளில் நாலு பேரும் இறந்தார்கள். அதில் ரோசா ஓகேன் என்ற நர்ஸ், கிறிஸ்துமசுக்கு நாலு நாள் முன்னால் போனவர். அந்த முந்நூறு பேரும் அன்றே ரயில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நார்த் ஹெட்டுக்கு வருவோம். சிட்னி துறைமுகத்தின் வாயில், மேன்லி பக்கம் உள்ள மேடு. 1830-களிலிருந்து 1984 வரை குவாரண்டைன் நிலையமாக இருந்தது. நகரம் அங்கிருந்து படகில் அரை மணி நேரம்தான். நாலு வருடம் பிரான்சிலும் பாலஸ்தீனத்திலும் கிடந்தவனுக்கு அந்த அரை மணி எப்படி இருந்திருக்கும்? தினம் காய்ச்சல் பார்க்க வேண்டும். துத்தநாக சல்பேட் ஆவி நிரம்பிய அறையில் கும்பலாக உட்காரவைத்து மூச்சு இழுக்கச் சொன்னார்கள். நாம் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்போமே, அதைப் போல. நொச்சியாவது வாசனை. அரசு ஆய்வகம் 30 லட்சம் டோஸ் தடுப்பூசி தயாரித்தது, ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதே 1933-ல்தான் நிரூபணம் ஆனது. அதற்கு முன் போட்டதெல்லாம் பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி.

எல்லோரும் இந்தப் படத்தில் உள்ளவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டும் இருக்கவில்லை. அதே 1919 பிப்ரவரியில் ஆர்கில்ஷயர் என்ற கப்பலில் வந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்கள், தங்கும் இடம் சரியில்லை என்று நார்த் ஹெட்டிலிருந்து கிளம்பிவிட்டார்கள். படகில் ஊருக்குள் வந்து அணிவகுத்து நடந்தார்கள். கடைசியில் அவர்களை வைத்த இடம் சிட்னி கிரிக்கெட் மைதானம். நாம் விடியற்காலையில் எழுந்து டெஸ்ட் மேட்ச் பார்க்கிறோமே, அதேதான். ஆச்சி படத்தில் இருப்பவர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களா என்று கேட்டு இரண்டு கடிதம் வந்திருக்கிறது. மாதம் ஒன்றாக இருப்பதை வைத்து அப்படிச் சொன்னால் கதை நன்றாக இருக்கும், நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் 1919 ஜனவரியில் மெல்பர்னில் காய்ச்சல் தலைகாட்டியது. ஆஸ்திரேலியா முழுக்க 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் நாட்டில்? 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த அதே காய்ச்சலில் குறைந்த கணக்கே ஒரு கோடியைத் தாண்டும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முந்தைய பத்து வருடத்தைவிடத் தலை எண்ணிக்கை குறைந்தது. எங்கள் அப்பத்தா அந்த வருடத்துக்கு எண் சொன்னதே இல்லை, 'காய்ச்சல் வருஷம்' என்பார். அவருடைய தம்பிகள் இருவர் அந்த வருஷத்தோடு நின்றுபோனவர்கள். அவர்களுக்குப் படமும் இல்லை.

கோட்டையூர்: குவாரண்டைன் என்றால் நாற்பது நாள் என்று அர்த்தமாமே?

ஆமாம், வெனிஸ் பாஷையில். கப்பலை நாற்பது நாள் வெளியே நிறுத்துவார்கள். அதற்கு முன்னால் 1377-ல் ரகூசா என்ற துறைமுகத்தில் முப்பது நாள்தான் வைத்தார்கள். நமக்கு ஒரு மண்டலம் 48. நல்ல வேளை, வெனிஸ்காரர்கள் நம்மைக் கேட்கவில்லை.

புதுக்கோட்டை: என்னிடம் எங்கள் சித்தப்பா மிலிட்டரி உடுப்பில் எடுத்த படம் இருக்கிறது. என்ன விலை போகும்?

சித்தப்பாவை விற்கிறதா? பழஞ்சாமான் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவில் கேளுங்கள். படத்தின் மரச்சட்டத்துக்குக் கொடுக்கிற காசில் பாதிகூடப் படத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். பர்மாத் தேக்குச் சட்டம் என்றால் படத்தை உருவி உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

கண்டனூர் (ஏழாம் வகுப்பு): தாத்தா, படத்தில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். பெட்டிமேல் குவளை ஆறு. ஒருத்தர் செத்துப்போய்விட்டாரா?

நாலு பட்டதாரிகள் கடிதம் எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூடக் குவளையை எண்ணவில்லை. நல்லா இரு.

ஆறாவது ஆள் படத்திலேயே இருக்கிறார். கீழ் ஓரத்தைப் பார். தரையில் ஒரு நிழல் நீண்டு வந்து, உட்கார்ந்திருப்பவர் பூட்ஸைத் தொடுகிறதா? அந்தக் காலத்தில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் எடுப்பவர் நிழல் படத்துக்குள் வந்து விழும். தொப்பியின் விளிம்பு ஒரு பக்கம் மடிந்திருப்பதுகூடத் தெரிகிறது, ஆஸ்திரேலியச் சிப்பாய் தொப்பி.

இன்னொன்றும் கவனி. நிழலின் முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கின்றன. கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைக்கவில்லை. அந்தக் கேமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஆக, அவர் குனிந்து நிற்கிறார், அவர் எதிரே ஐந்து பேர் அவரைக் கேலி செய்கிறார்கள். ஆறாவது குவளை அவருடையதுதான். டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

பள்ளத்தூர்: ஆஸ்திரேலியாக்காரன் கதை இருக்கட்டும் அண்ணே. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நம் ஆட்களும் கப்பலில் போய்க் கப்பலில் வந்தவர்கள்தானே? மண்டபம், பினாங்கு என்று எத்தனை இடத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நிறுத்தி வைத்தது உண்மை. மண்டபம் கேம்ப் என்று இப்போது ரயிலில் போகும்போது பெயர்ப்பலகை பார்க்கிறோமே, அது இலங்கை அரசு நம் மண்ணில் நடத்திய முகாம். தோட்டத்துக்குப் போகிற ஜனங்களை அங்கே பல நாள் தங்கவைத்து, குளிக்கச் சொல்லி, துணியை ஆவியில் வேகவைத்து, ஊசி போட்டுத்தான் தனுஷ்கோடிக்கு விடுவார்கள். பிறகு அதே இடம் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு முகாமானது. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு. கப்பலில் டெக் டிக்கெட்காரனுக்குத்தான் பெரும்பாலும் இந்தப் பாடு, கேபின்காரர் ராஜபாட்டையில் போய்விடுவார். நோய்க்கிருமி டிக்கெட் பார்த்து ஏறும் என்று வெள்ளைக்காரன் நினைத்திருக்கிறான்.

ஆனால் இந்த வட்டாரத்தில் நான் பார்க்காத ஆல்பம் குறைவு. மண்டபத்தில் எடுத்தது, ஜெரெஜாக்கில் எடுத்தது என்று ஒரு படம்கூட என் கைக்கு வந்ததில்லை. கேமரா இல்லாமல் இல்லை. மலாயாவிலிருந்து வந்தவர்கள் மங்குச் சாமானோடு கோடக்கும் கொண்டுவந்தார்கள். போன இடத்தில் கடை திறந்ததை எடுப்பார்கள், கார் வாங்கியதை எடுப்பார்கள். நிறுத்தி வைத்ததை எடுத்து ஆத்தாளிடம் காட்டுவார்களா?

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020-ல் என் மகன் துபாயிலிருந்து வந்து மாடியில் 14 நாள் இருந்தான். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் அன்றிலிருந்து தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்தார். என் மனைவி சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு, கீழே வந்து கையைத் தட்டுவாள். அந்தத் தட்டு, அந்தப் படி, வாசல் ஸ்டிக்கர், எதையும் நான் எடுக்கவில்லை. நாற்பது வருடம் கேமரா பிடித்தவன். ஸ்டிக்கரை உரித்த அன்று சுவரில் இருந்த பசையைச் சுரண்டி எடுத்ததுதான் நான் செய்த வேலை.

ஒரே ஒரு படம் உண்டு. எங்கள் அப்பா எடுத்தது, 1942-ல்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போனது. நம் ஜனம் கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், மற்றவர்கள் நடந்து. மொத்தம் ஐந்து லட்சம் பேர் வரை பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள் என்பார்கள். புரோமிலிருந்து டாங்கப் கணவாய் வழியாக அரக்கானுக்கு ஒரு பாதை, மேலே தாமு, பாலேல் வழியாக மணிப்பூருக்கு ஒரு பாதை. வழி நெடுக காலரா. கீழ்ப் பர்மா நெல்வயலில் நாலில் ஒரு பங்குக்குப் பாத்தியதை எழுதி வைத்திருந்த சமூகம், கையில் ஒரு பித்தளைச் செம்போடு நடந்தது.

அப்படி மணிப்பூர் வழியாக நடந்து வந்த ஒருவர் வைகாசியில் ஊர் வந்து சேர்ந்தார். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். கூட நடந்த இருவரை வழியில் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். வீட்டு வாசலுக்கு வந்தவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவரேதான். 'பத்து நாள் முகப்போட இருக்கேன், பிள்ளைகளை விடாதீக' என்று சொல்லிவிட்டாராம். காலராவுக்கு ஐந்து நாள் போதும், அதற்குள் தெரிந்துவிடும். அவருக்கு அதை யார் சொல்வது? ஆத்தா நிலைவரை வந்து மங்குத் தட்டில் கஞ்சி வைத்துவிட்டு உள்ளே போவார். அவர் எடுத்துக் குடித்துவிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு ஆள் வந்தது. ஃபீல்டு கேமராவையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். போனால், மனுஷர் மூன்று மாதத் தாடியோடு, காலில் துணி சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சவரம் செய்துகொள்ளுங்கள், நாளை வருகிறேன் என்றிருக்கிறார் அப்பா.

'சவரம் பண்ணிட்டா, நடந்து வந்தது யாருக்குத் தெரியும்? எடுங்க.'

இந்த ஒரு வாக்கியத்தை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆஃப் பிளேட் கண்ணாடி நெகட்டிவ் ஒன்று, ஒன்றே ஒன்று. போர்க்காலத்தில் பிளேட் கிடைப்பது பெரும்பாடு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், காசும் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் அதை மாட்ட விடவில்லை. தாடியும் கட்டுப்போட்ட காலுமாக இருக்கிற படத்தைக் கல்யாணம் நடக்கிற வீட்டில் மாட்டுவதா என்றார்களாம். பிரிண்ட் எந்தப் பெட்டகத்துக்குள் போனதோ. நெகட்டிவ் எங்களிடமே தங்கிவிட்டது.

கடையை மூடியபோது பழைய பிளேட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். அப்போதுதான், அப்பாவே பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஒன்று கண்ணில் பட்டது. அவருக்குப் பின்னால் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. அந்த இருட்டில், நிலையில் செதுக்கிய பூ வேலைக்குக் கீழே, இடுப்புயரத்தில் வெள்ளையாகக் கலைந்த ஒரு உரு. பிள்ளைகளை விடாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா, ஒன்று எட்டிப் பார்த்திருக்கிறது. அரை விநாடி எக்ஸ்போஷர். அதற்குள் அசைந்துவிட்டது. சட்டை மட்டும் இருக்கிறது, முகம் இல்லை.

இந்தப் படத்தை இங்கே வெளியிடச் சொல்லாதீர்கள். அந்த வீட்டார் வந்து கேட்டால் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன், காசு வேண்டாம். 1942-லேயே வாங்கியாகிவிட்டது.

மறுபடியும் தேவகோட்டை: படத்தை ஆஸ்திரேலியாவுக்கே திருப்பி அனுப்பலாம் என்கிறாள் பேத்தி. செய்யலாமா? அதுவரை எப்படி வைத்திருப்பது?

அனுப்பலாம் ஆச்சி. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகம் சிப்பாய்கள் எடுத்த படங்களைச் சேர்த்து வைக்கிற இடம். முதலில் நகலைக் காட்டி, வேண்டுமா என்று பேத்தியையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவள் ஒருநாள் மேன்லிக்குப் படகில் போய் அந்த மேட்டையும் பார்த்து வரட்டும். பழைய நிலையம் இப்போது ஹோட்டலாகிவிட்டது. அடைபட்டுக் கிடந்தவர்கள் தங்கள் பெயரையும் கப்பல் பெயரையும் பாறைகளில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். 1919 என்று வெட்டிய பாறைகளை அவள் மொபைலில் எடுத்து அனுப்பினால் எனக்கும் ஒன்று வேண்டும்.

அதுவரை லேமினேஷன் கூடாது. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் பூஜை அறைப் பக்கம் மாட்டிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது, சாம்பிராணிப் புகையும் ஆகாது. வெள்ளைத் தாளில் மடித்து, புத்தகத்துக்குள் வைக்காமல், பீரோவில் தனியாக வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் மருமகனிடம் இன்னொரு முறை கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் பென்சிலில் ஏதோ ஒரு வரி தேய்ந்துபோய் இருக்கிறது, போன தடவை வெளிச்சம் போதவில்லை. பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.